மஞ்சள் கவுனும் சேஃப்டி ஷூவும்

கடலோரத்தில் பிறந்தவனுக்குக் கடலைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள், என்னோடு ஒரே ஒரு முறை சுற்றுலா வந்தால் போதும். நான் ராயபுரத்துக்காரன். அப்பா விசைப்படகில் போனவர். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். இந்தத் தகுதிகளை வைத்துக்கொண்டு, கல்யாணமான இரண்டாவது வாரம், அந்தமான் தேனிலவுக்கு நானே பெட்டி கட்டுகிறேன் என்று முன்வந்தேன்.

என் மனைவி ஸ்டெல்லா பெரம்பூர்ப் பெண், ரயில்வே குடும்பம். கடலில் காலை நனைத்தது தவிர வேறு பழக்கமில்லை. இந்தப் பயணத்துக்காகவே ஒரு மஞ்சள் கவுன் வாங்கியிருந்தாள். நீலக் கடலுக்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ. அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். (தங்க வளையல் கேட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன்.)

"பீச்சுக்கு இன்னாலாம் எடுத்துகினு போவணும்? எனுக்குத் தெரியாதே," என்றாள்.

"கடலப் பத்தி எங்கிட்டயா கேக்கற? நீ போயி உங்கம்மாவப் பாத்துட்டு வா. பெட்டிய நான் பாத்துக்கறேன்."

எங்கள் தெருவில் கடலுக்குப் போகிற யாரும் நல்ல துணி உடுத்தமாட்டார்கள். உப்பும் டீசலும் மீன் செதிலும் துணியைத் தின்றுவிடும். நல்ல துணி ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு, கிழிசல் கடலுக்கு. தவிர, எங்கள் கரையில் மணல் கிடையாது. கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கற்கள்தான், அதுவும் பாசி பிடித்து வழுக்கும். இதையெல்லாம் நான் யோசித்தேன். (யோசித்ததுதான் தப்பு.)

ஸ்டெல்லாவின் பெட்டியிலிருந்து மஞ்சள் கவுனையும் புதுச் சுடிதார்களையும் எடுத்து, அந்துருண்டை போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினேன். அந்த இடத்தில் என் அக்காவின் பழைய நைட்டிகள் மூன்று. எனக்கு யூனியன் ஆண்டுவிழா டி-ஷர்ட்டுகள், சாயம் போன லுங்கி, மழைக்கு ஒரு தார்ப்பாய், பாறையில் நடக்க யார்டில் கொடுத்த, இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ. கடைசியில் அம்மா வந்து ஒரு பொட்டலத்தைத் திணித்தார்.

"கருவாடா? தீவுக்குப் போறோம்மா. சுத்தியும் மீனுதான்."

"அது வேற தண்ணி நைனா. அந்த மீனு இன்னா ருசி கீதோ, யாரு கண்டா."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பெட்டி கனத்ததால் ஷூவைக் காலிலேயே மாட்டிக்கொண்டேன். விமான நிலையச் சோதனை வாசலில் அது கத்தித் தீர்த்தது. அங்கிருந்தவர் ஷூவைக் கழற்றச் சொல்லிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"வேலைக்குப் போறீங்களா?"

"ஹனிமூன் சார்."

அவர் ஸ்டெல்லாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

தீவில் மணல், சலித்த மாவு போல இருந்தது. ஒரு கல் இல்லை. ஸ்டெல்லா அறைக்கு ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தாள். முதலில் வந்தது கருவாட்டு வாசனை. பிறகு அக்காவின் நைட்டி.

"என் கவுனு எங்கங்க?"

"பீரோல பத்திரமா கீது. உப்புத் தண்ணி பட்டா வீணாப் பூடும்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நைட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், கண் கலங்கிவிட்டது. அவள் கேட்ட ஒரே ஒரு விஷயத்தைக் கடலுக்கு அந்தப் பக்கம் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

போட்டுக்கொண்டு வந்த சுடிதாரைத் துவைத்து, திரும்பிப் போவதற்கென்று எடுத்து வைத்துவிட்டாள். நான்கு நாளும் நைட்டிதான். சுற்றிலும் பூப்போட்ட சட்டையும் தொப்பியுமாக ஜோடிகள். நடுவில் நான், முதுகில் 'கோரிக்கைகளை நிறைவேற்று' என்ற எழுத்தோடு. ஒருவர் என்னிடம் இரண்டு டவல் கொண்டுவரச் சொன்னார். (கொண்டுவந்தும் கொடுத்தேன்.) போட்டோ எடுக்க போனை நீட்டினால் ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஊர் திரும்பிய சாயங்காலம், வீட்டுக்குள் நுழைந்ததும் கையை நீட்டிச் சாவி கேட்டாள். மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"வாங்க, கடலுக்குப் போலாம்."

"எந்தக் கடலுக்கு?"

"உங்க கடலுக்குத்தான்."

சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. முதல் கல்லில் கால் வைத்ததுமே அவளுடைய புதுச் செருப்பு வழுக்கியது. எட்டி என் கையைப் பிடித்தவள், குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தேன். நான் வெறுங்காலில் பாறைமேல் தள்ளாடிக்கொண்டு எடுத்த போட்டோ அது. மஞ்சள் கவுன், கீழே இரும்பு மூக்கு ஷூ, பின்னால் சாம்பல் நிறக் கடலும் ஒரு கிரேனும். ஐந்து நாளில் அவள் முதல்முறையாகச் சிரித்தது அதில் இருக்கிறது.

இப்போது அது எங்கள் கூடத்தில் பெரிதாகத் தொங்குகிறது. எங்கே எடுத்தது என்று யார் கேட்டாலும் ஸ்டெல்லா கொஞ்சமும் கூசாமல் "அந்தமானு" என்பாள். என் மாமனார் ஒவ்வொரு முறையும் எழுந்து கிட்டே போய், "அந்தமான்ல ஹார்பர் நல்லா கீதே மாப்ள," என்பார். பெட்டி கட்டும்போது ஸ்டெல்லா என்னை அறைக்குள்ளேயே விடுவதில்லை. போன மாதம் வேளாங்கண்ணிக்குக் கிளம்பியபோதும் வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். போய் இறங்கிப் பெட்டியைத் திறந்தால், நல்ல துணிகளுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றி அந்த ஷூவை வைத்திருந்தாள்.