கேப்டன் அருணகிரியும் பதினாலடிப் பாலமும்

“இந்தக் கப்பல்ல ஒரு பொம்பளை கால் வைக்கக் கூடாது!”

எங்கப்பா அருணகிரி இப்படி முழங்கியபோது கப்பல் இன்னும் கட்டப்படவே இல்லை. வாசலில் நாலு சவுக்குக் கம்பும் ஒரு சாக்கு ஆணியும்தான் கிடந்தன. முழங்கியவர் கையில் இருந்த காபிகூட அம்மா போட்டுக் கொடுத்தது.

அப்பாவுக்குப் பந்தல் போடுகிற தொழில். கீழ்பென்னாத்தூரில் யாருக்குக் கல்யாணமானாலும் அப்பா போட்ட பந்தலுக்குக் கீழேதான் தாலி ஏறும். ஆனால் அது ஆடி மாசம். கல்யாணம் கிடையாது, பந்தலும் கிடையாது. வேலையில்லாத அப்பா ரொம்ப ஆபத்தானவர். முந்தின வருஷ ஆடியில் சும்மா இருக்க முடியாமல் எங்கள் கிணற்றுக்கு மூங்கிலில் கோபுரம் கட்டினார். பார்க்க அம்சமாக இருந்தது. வாளிதான் உள்ளே போகவில்லை.

இந்த வருஷம் 1997. சுதந்திரப் பொன்விழா. ஆகஸ்ட் பதினைந்து காலையில் வேங்கிக்கால் மைதானத்தில் அலங்கார வண்டிகளின் ஊர்வலம். முதல் பரிசு கலெக்டர் கையால்.

“மலையும் ஏரியும் பாத்த ஜனம். நான் கடலையே கொண்டாந்து காட்டறேன். பாய்மரக் கப்பல்! நான் கேப்டன்!”

“ஏங்க, எங்க மகளிர் மன்றத்துல இருபத்தி நாலு பேரு ஒரு மாசமா கொடிப்பாட்டுக்குக் கும்மி பழகறோம். எல்லாருக்கும் ஒரே நீலப் புடவை எடுத்தாச்சி. வண்டிதான் கெடைக்கல. அந்தக் கப்பல்ல எங்களையும் ஏத்திக்கங்களேன்” என்றாள் அம்மா.

அதற்குத்தான் அந்த முழக்கம்.

“ஏன் கால் வைக்கக் கூடாது?”

“கப்பல் ஆடும். உங்களுக்கு மயக்கம் வரும்.”

“லாரி மேல நிக்கற கப்பல் எப்படிங்க ஆடும்?”

“நீங்க ஏறினா ஆடும்!”

“சரிங்க” என்றாள் அம்மா.

எங்கம்மா உண்ணாமலை சண்டை போட்டால் பயப்பட வேண்டியதில்லை. ‘சரிங்க’ என்று சொன்னால்தான் விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். நான் தள்ளி நிற்கவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் பேசினாலும் அந்தக் குரல் என் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் ஹெட்மாஸ்டர் குரலில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டேன். எட்டாவது வரைக்கும் நம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒன்பதாவதுதான் காட்டிக் கொடுத்தது.

கப்பல் வளர்ந்தது. முருகையன் அண்ணனின் 407 மினி லாரி எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. ரெண்டு வாரம் முன்னால் அம்மாவின் மன்றத்தைப் படவேடு கோயிலுக்கு ஏற்றிப் போன அதே வண்டி. அதன் மேல் மூங்கிலும் தகரமும் தென்னங்கீற்றும் சேர்ந்து கப்பலாயின. சுப்பன் மாமாவும் அப்பாவின் சிநேகிதர்கள் ஐந்து பேரும் மாலுமிகள். கோடு போட்ட பனியன். அப்பாவுக்கு மட்டும் நாடக டிரஸ் கடையில் வாடகைக்கு எடுத்த வெள்ளை யூனிபாரம், தங்க பட்டன், தொப்பி, விசில்.

“சுப்பா, வழியில ரயில்வே பாலம் இருக்குது. டேப்பு எடுத்துட்டுப் போயி உயரத்த அளந்துட்டு வா” என்றார் அப்பா.

சுப்பன் மாமா அம்மாவின் தம்பி. வருஷத்தில் பத்து மாசம் மூக்கடைப்பு. அவர் அப்பாவை ‘மாமா’ என்று கூப்பிட்டால் ‘பாபா’ என்றும், ‘நான்’ என்றால் ‘டாட்’ என்றும்தான் விழும். டேப்பை எடுத்துக்கொண்டு போனவர் நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் குனிந்து நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

“பாபா! பாலத்தப் பாத்துட்டேட்! பதிடாலு அடி!”

“அளந்தியாடா?”

“போர்டுலயே போட்டிருக்குது பாபா!”

அது பொய் இல்லை. போர்டில் அப்படித்தான் போட்டிருந்தது. அன்று காலை அம்மாவும் நானும் ரெண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டிய முருங்கைக்காய்த் தொரட்டியோடு அந்தப் பக்கம் போயிருந்தோம். ஒரு காய்கூடப் பறிக்காமல் திரும்பி வந்தோம். அதை அப்பா கவனிக்கவில்லை.

கப்பலின் பாய்மரக் கம்பத்தை, அதன் உச்சி ரோட்டிலிருந்து பதிமூணு அடி பதினோரு அங்குலம் வருகிற மாதிரி அப்பா அறுத்தார். நடப் போகும்போது அம்மா காபியோடு வந்தாள்.

“ஏங்க, எத்தனை கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட கை. இதை மட்டும் வெறுங்கம்பமா நடறீங்களே. மஞ்சத்துணியில நவதானியம் முடிஞ்சி, மாவிலை கட்டி, கற்பூரம் காட்டி நட்டா உங்க தொழிலுக்கு ஒரு மரியாதை இல்லியா?”

அப்பா உருகிவிட்டார். பஞ்சாங்கம் பார்த்தார். ஆடி மாசத்தில் கப்பலுக்கே பந்தக்கால் நட்ட ஒரே ஆள் எங்கப்பாதான்.

பதினைந்தாம் தேதி காலை ஏழரை மணி. கப்பல் கிளம்பியது. அப்பா கம்பத்தைப் பிடித்தபடி தூரத்தைப் பார்த்தார். தூரத்தில் கடலைக்காடு தெரிந்தது. நான் வண்டிக்குள் முருகையன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, வாயாலேயே கப்பல் சங்கு ஊதினேன். எதிரே வந்த மாட்டு வண்டி வயலில் இறங்கிவிட்டது.

பாலம் வந்தது. முருகையன் அண்ணன் பிரேக் போட்டார்.

“அண்ணே, இடிக்கும்.”

“இடிக்காது. போர்டப் பாரு. பதினாலு அடி.”

“அந்தப் போர்டு எழுதினப்ப நான் அரை டிராயர் போட்டிருந்தேன். அதுக்கப்புறம் மூணு தடவை ரோடு போட்டுட்டாங்க. போர்டு அங்கியே நிக்குது. ரோடு மேல வந்துடுச்சி.”

அப்பா மாலுமிகளை இறக்கிவிட்டு, ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். சரியாக மூன்று விரல் இடித்தது.

“டேய் சுப்பா! நீதானடா பாத்தேன்னு சொன்ன?”

“டாடா? டாட் அப்போ தூங்கிட்டு இருந்தேட் பாபா!”

அப்பா என்னைப் பார்த்தார். நான் கப்பலின் பாயைப் பார்த்தேன். பாய் வெள்ளையாக இருந்தது.

“கம்பத்த அறுத்துடலாம்” என்றார் ஒரு மாலுமி.

“பந்தக்காலயா? விசேஷம் முடியறதுக்கு முன்ன பந்தக்கால்ல கை வெச்சவன் பந்தல்ல நாளைக்கு எவன்டா தாலி கட்டுவான்? என் பொழப்பே போயிடும்!”

“டயர்ல காத்த எறக்கினா?”

“எறக்கலாம். அந்தப் பக்கம் போயி யாரு அடிக்கறது? இன்னைக்குப் பஞ்சர் கடைக்காரனுக்கும் சுதந்திரம்” என்றார் முருகையன் அண்ணன். “பாரம் ஏத்துங்கண்ணே. ஸ்பிரிங் பட்டை அமுங்கும்.”

ஆறு மாலுமிகளும் மறுபடி ஏறி, மூச்சைப் பிடித்துக் கனமாக நின்றார்கள். ஒரு விரல் அமுங்கியது.

“பத்தாது. ஜாஸ்தி பாரம் வேணும்.”

மணி ஏழே முக்கால். கடை இல்லை, மூட்டை இல்லை. அப்பா நாலு பக்கமும் பார்த்தார். பாலத்துப் பக்கத்துப் புளிய மரத்தடியில் நீலமாக என்னவோ தெரிந்தது. இருபத்தி நாலு புடவை.

“உண்ணாமலை! நீங்கள்லாம் இங்க என்னா பண்றீங்க?”

“பஸ்ஸுக்கு நிக்கறோம்ங்க.”

“இன்னைக்கு இந்த ரூட்ல பஸ்ஸே கம்மியாச்சே!”

“அதான் நிக்கறோம்.”

அப்பா தொப்பியைச் சரி செய்தார். தொண்டையைச் செருமினார்.

“கொஞ்சம்... எல்லாரும் ஏறுங்களேன்.”

“எதுலங்க?”

“கப்பல்ல.”

“ஐயய்யோ, பொம்பளைங்க கால் வைக்கக் கூடாதாமே. எங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு.”

“அந்த வீட்டுக்காரன்தான் சொல்றேன், வை!”

“எந்தக் கால வைக்கட்டும்?”

“ரெண்டையும் வை!”

பந்தல் ஏணியில் ஒவ்வொருவராக ஏறினார்கள். முருகையன் அண்ணன் சக்கரத்துப் பக்கம் குந்தி உட்கார்ந்து ஏலம் போட்டார். “ஒண்ணரை... ரெண்டு... ரெண்டேகால்...” மேலே இடம் இல்லாமல் மாலுமிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக எல்லம்மாள் அத்தை ஏறினாள்.

“அத்தை ஒருத்தரே அரை விரலு!”

“ஏண்டா, நானு அரிசி மூட்டையாடா?”

“இல்லத்தே, முதல் பரிசு!”

நாலு விரல் அமுங்கியது. ஒரு விரல் லாபம்.

கம்பத்தைப் பார்த்தபடி முன்னால் நடந்து வழிகாட்ட ஒரு ஆள் வேண்டும். கம்பத்தின் கணக்குத் தெரிந்த ஆள் அப்பா ஒருத்தர்தான். அண்ணாந்தால் தொப்பி விழுந்தது. “நந்தினி, இதப் புடி” என்று என்னிடம் கொடுத்தார். பிடித்து, மேலே அம்மாவிடம் நீட்டினேன். அப்பா கப்பலைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து விசில் ஊதினார். “வா... வா... வரலாம்... மெதுவா...” மஞ்சத்துணி பாலத்து இரும்பை ஒரு தடவு தடவியது. துரு முழுக்க அப்பாவின் யூனிபாரத்தில் கொட்டியது. கப்பல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. நான் நூறு பேர் கைதட்டுகிற மாதிரி சத்தம் போட்டேன்.

“ரொம்ப சந்தோஷம். எல்லாரும் எறங்குங்க” என்றார் அப்பா.

“எறங்கறோம்ங்க. ஏணி?”

அப்பா திரும்பினார். “நந்தினி, ஏணி எங்க?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம்பா.”

“ஏன் எடுத்துட்டு வரல?”

“கப்பல்ல எடமில்லப்பா. எல்லாம் பொம்பளைங்க.”

முருகையன் அண்ணன் ஹாரன் அடித்தார். “அண்ணே, மணி எட்டு! வரீங்களா, இல்லியா?”

அப்பா ஓடிவந்து வண்டிக்குள் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மாலுமிகள் ஆறு பேரும் புளிய மரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

வேங்கிக்கால் மைதானத்தில் பாதி வண்டிகளில் பொம்மைதான் இருந்தது. எங்கள் கப்பலில் இருபத்தி நாலு பேர் கும்மியடித்துப் பாட, ஸ்பிரிங் பட்டை துள்ள, கப்பல் நிஜமாகவே ஆடியது. அப்பா சொன்னது பலித்துவிட்டது.

“முதல் பரிசு... பாய்மரக் கப்பல்...” என்றது மைக்.

அப்பா கதவைத் திறந்து குதித்தார். தொப்பி இல்லை. வெள்ளை யூனிபாரம், தங்க பட்டன், கழுத்தில் விசில். மேடைப்படியில் ஒரு தொண்டர் மறித்தார்.

“பேண்டு செட்டு எல்லாம் அந்தப் பக்கமா நில்லுங்க.”

“யோவ், நான் கேப்டன்யா!”

“கேப்டன் அதோ போறாங்க.”

தொப்பி போட்டுக்கொண்டு அம்மா மேடையேறிக் கொண்டிருந்தாள். “...கீழ்பென்னாத்தூர் மகளிர் மன்றம்!” என்று மைக் முடித்தது. கலெக்டர் கேடயம் கொடுத்தார். அம்மா சல்யூட் அடித்தாள். நன்றாக இருந்தது. அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

சாயங்காலம் அப்பா வாசலில் உட்கார்ந்து துருவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தச் சுப்பன் மட்டும் ஒழுங்கா அளந்திருந்தா...”

“போகட்டும் விடுங்க. சாம்பாருக்கு முருங்கக்கா பறிச்சிக் குடுங்க” என்றாள் அம்மா.

அப்பா தொரட்டியை எடுத்தார். மரத்தில் சாய்த்தார். அப்புறம் மெதுவாகக் கீழே இறக்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூங்கிலின் நுனியில் ரெண்டு சாக்பீஸ் கோடு. ஒன்றில் ‘பாலம்’. அதற்கு மூன்று விரல் மேலே ‘கம்பம்’. பக்கத்திலேயே என் கையெழுத்தில்: ‘படவேடு போனப்ப 24 பேர், 4 விரல் அமுங்கிச்சி. போதும்.’

அப்பா என்னைப் பார்த்தார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

“எடக்கு ஒண்ணும் தெரியாது பாபா.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையில் இன்னும் அந்தத் தொப்பி இருந்தது. பிறகு தொரட்டியை நிமிர்த்திப் பிடித்து, பணிவாகக் கேட்டார்.

“எத்தனை காய் வேணும்?”