மாடிக் குடித்தனக்காரன்

மாடியில் குடியிருக்கும் மெண்டலின் சட்டை கொடியில் தொங்கியது, கைமடிப்பில் ரத்தக்கறை. ஹெஸ்டருக்குப் பகீரென்றது. பூனை வளர்க்கும் வீடுகளுக்குக் குதிரைக்கறி விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

"அடியே பெஸ்ஸி! இந்த வொயிட்சாப்பல் பேட்டையே தேடுற கொலைகாரன் எங்க மாடியிலதான் குடியிருக்கான்!"

"யாரு, அந்தப் போலந்து யூதனா?"

"பை நிறைய சவரக்கத்தி!"

"சவரக்கடைக்காரன் பின்ன கரண்டியா வெச்சிருப்பான்?"

"கொலை விழுந்த ராத்திரி ஒண்ணுலயும் அவன் வீட்ல இல்லடி. விடியுமுன்ன கறி எடுக்கக் கிளம்பறப்ப பார்த்தேன், அறை காலி! அதுவுமில்லாம, பன்றிக்கறியைத் தொடவே மாட்டேங்கிறான்."

பெஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டாள். "பன்றிக்கறி தின்னமாட்டானா? அப்ப சந்தேகமே இல்ல, அவனேதான்!"

"யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே" என்று ஹெஸ்டர் சொன்னதுதான் தப்பு. தேநீர் ஆறுவதற்குள் தெருவே வாசலில் திரண்டுவிட்டது. முன்னால் நின்ற மீன்காரன் ஆல்ஃபி கையில் தீப்பந்தம்.

"கொளுத்துங்கடா வீட்டை!"

"அட பாவிகளா, வீடு என்னுதுடா!" ஹெஸ்டர் வாசலை மறித்தாள். இருப்பது இந்த ஒரு வீடு. அதுவும் போனால் நடுத்தெருதான். சட்டென்று பேச்சை மாற்றினாள். "அவன் தங்கமான பையன்டா. தொப்பியைக் கழற்றாம என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல."

"அவ்வளவு பணிவா? அப்ப நிச்சயம் அவன்தான்!" என்றான் ஆல்ஃபி.

"ரத்தம் சவரம் பண்றப்ப பட்டிருக்கும்!"

"பார்த்தீங்களா, கத்தி கூர்மைன்னு அவளே ஒத்துக்கிறா!"

ஹெஸ்டர் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டாள். "கொலை நடந்த ராத்திரியெல்லாம் அவன் வீட்லதான் இருந்தான், போதுமா?"

"இல்லேன்னு இப்பதானே சொன்னே?" என்று கூவினாள் பெஸ்ஸி, அந்தத் துரோகி. "ஐயோ, இவளும் கூட்டாளி!"

பந்தம் கதவை நெருங்கியபோது கான்ஸ்டபிள் டிங்கிள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"நிறுத்துங்கடா! மெண்டல் கொலை பண்ணல. அந்த ராத்திரியெல்லாம் எங்க ஸ்டேஷன் கொட்டடியிலதான் தூங்கினான். நான்தான் பூட்டினேன்."

ஹெஸ்டருக்கு உயிர் திரும்பியது. வீடு தப்பித்தது! பந்தம் தாழ்ந்தது. ஆல்ஃபி தலையைச் சொறிந்தான்.

"நல்லா இருப்பீங்க ஐயா!" என்றாள் ஹெஸ்டர். "ஆனா வீட்ல மெத்தை இருக்கறப்ப, அவன் ஏன் ஐயா கொட்டடியில வந்து படுக்கணும்?"

டிங்கிள் அவளுடைய ரத்தம் தோய்ந்த மேலங்கியைப் பார்த்தார். இடுப்பில் செருகியிருந்த, கறி வெட்டும் நீளக் கத்தியையும் பார்த்தார். மெதுவாக ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"'வீட்டுக்காரம்மா இன்னிக்கும் கத்தியோட கிளம்பறாங்க, என்னை உள்ள வெச்சுப் பூட்டுங்க'ன்னு அழறான்மா."