பஞ்சுக்குள் ஒரு நாணயம்

"தொடாத! விரல் பட்டா மார்க் குறைஞ்சிடும்!"

அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, தகர டப்பாவிலிருந்து கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். தரையில் விரித்த போர்வையில் இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் புரூஃப்காரர். அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்துவது அவர் வேலை.

டப்பாவுக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் மாமனார் விட்டுப்போன பழைய வெள்ளி நாணயம். அதை விற்று ஒரு மெத்தை வாங்குவதாகத்தான் பேச்சு. தரையில் இரவெல்லாம் புரண்டுவிட்டு, பகலில் அச்சகத்தில் சொக்கி விழுந்துகொண்டிருந்தார். போன வாரம் யாருடைய கல்யாண அழைப்பிதழிலோ மாப்பிள்ளை பெயர்மேலேயே தலை சாய்ந்துவிட்டது.

"இன்னொரு தடவை பார்த்தேன்னா, நீங்க வீட்லயே தூங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டார் முதலாளி.

"அப்படியே வித்துடலாமே" என்றாள் மனைவி.

"அப்படியேவா? கிரேடிங் பண்ணாமலா?"

கிரேடிங் என்றால், நிபுணர்கள் நாணயத்தின் தேய்மானம் பார்த்து மார்க் போட்டு, கண்ணாடி மாதிரிப் பெட்டியில் சீல் வைத்துத் தருவது. மார்க் கூடினால் விலை எங்கோ போய்விடும். குறைந்தால் கட்டணமும் தண்டம். நாணயக் கடைக்காரர் இதைச் சொன்ன நாளிலிருந்து புரூஃப்காரர் அதை அனுப்பவும் இல்லை, விற்கவும் இல்லை.

"அவசரப்பட்டா ஆகுமா?"

"அவசரமா? அதை உங்க இடுப்புகிட்ட கேளுங்க."

ஒருநாள் மாலை வீடு திரும்பினால், அறை நிறைய ஒரு பஞ்சு மெத்தை!

"ஏது இது?"

"அம்மா அனுப்பினாங்க" என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமல்.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. சட்டைப் பொத்தானை மேலிருந்து போடுவதா கீழிருந்து போடுவதா என்று யோசிக்கிற மாப்பிள்ளை என்று அத்தைக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம்.

"இதுக்குப் பணம் கொடுத்தாத்தான் அவங்க முன்னாடி நான் தலை நிமிர முடியும்."

"யாரு கேட்டா? பேசாம படுங்க."

படுத்தார். மெத்தை அவரை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. கனவில் நாணயம் நிலாவாகக் கூரைக்கு மேல் எழும்பியது. வெள்ளைக் கோட்டுக்காரர்கள் ஏணி வைத்து ஏறி, அதைச் சுற்றிச் சுற்றி வந்து மார்க் போட்டார்கள். வழியில் வந்த மேகத்தைப் பார்த்து, "உரசாமப் போ! உரசாமப் போ!" என்று இவர் கீழே நின்று கையாட்டிக்கொண்டிருந்தார். மேகமும் பணிவாக ஒதுங்கிப் போயிற்று.

விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

"முன்னெல்லாம் இங்க வந்து தூங்குனீங்க. இப்போ தூங்கிட்டு வர்றீங்க. எது தேவலாம்னு எனக்கே புரியல" என்றார் முதலாளி.

அத்தை வரப்போவதாகத் தகவல் வந்தது. அவ்வளவுதான், புரூஃப்காரர் முடிவுக்கு வந்துவிட்டார். கிரேடிங்தான்! கையுறை மாட்டிக்கொண்டு, டப்பாவைக் கைக்குழந்தைபோல் ஏந்திக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் இடுக்கியால் பஞ்சை விலக்கினார். நாலு துளையுள்ள சட்டைப் பொத்தான் ஒன்று வெளியே வந்தது.

"நல்ல பீஸ் சார். தேய்மானமே இல்ல."

"ஐயையோ! என் நாணயம் எங்க?"

"கடைசியா எப்போ திறந்து பார்த்தீங்க?"

"திறந்தா காத்துப் பட்டுக் கருத்துடும்னு நீங்கதானே சொன்னீங்க!"

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். அலமாரியைக் கவிழ்த்தார், பெட்டிகளைக் கொட்டினார். கடைசியில் மெத்தையில் விழுந்தார். விழுந்ததுதான் தாமதம், அந்தத் துக்கத்திலும் இமை கனத்தது. கூரைக்கு மேல் நிலா எட்டிப் பார்க்கத் தொடங்கியது.

"என்ன மாப்பிள்ளை, வீடு ஏன் இப்படிக் கிடக்கு?"

வாசலில் பையோடு அத்தை.

அவர் வாரிச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "மாமா கொடுத்த நாணயத்தைக் காணோம் அத்தை. அதை வித்து, நீங்க அனுப்பின மெத்தைக்குப் பணம் கொடுக்கலாம்னு இருந்தேன்..."

அத்தை பையைக் கீழே வைத்தாள். மெத்தையை ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்தாள்.

"நான் எங்க மெத்தை அனுப்பினேன்? நாணயத்தை வித்து வாங்கினதாத்தான் என் பொண்ணு சொன்னா! அது மேலதானே மாப்பிள்ளை இத்தனை நாளா தூங்குறீங்க?"