அறுபதாவது படிவம்

மாலை நாலு மணிக்குள் அறுபது படிவங்கள் மேலிடத்துக்குப் போயாக வேண்டும். பள்ளிக்கூடத்து ஆபீஸம்மா மூன்று முறை எண்ணிவிட்டாள். ஐம்பத்தொன்பது. நாலாவது முறை விரலில் எச்சில் தொட்டு எண்ணினாள். எச்சிலுக்கு அந்தச் சக்தியெல்லாம் கிடையாது. அப்போதும் ஐம்பத்தொன்பதுதான்.

இலவசச் சாப்பாடு வேண்டும் என்று, வருமானம் குறைந்த வீடுகளிலிருந்து அறுபது பிள்ளைகளுக்காவது கையெழுத்து வந்தால்தான் அந்த அரசுப் பள்ளியின் சமையலறைக்குப் பணம் வரும். ஒன்று குறைந்தாலும் அடுப்பை அணைத்து, பூட்டி, சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நாள் முழுக்க அது ஒன்றுதான் சூடான சாப்பாடு.

சமையலக்கா கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"சேர்ந்துச்சாம்மா?"

"ஒண்ணே ஒண்ணு உதைக்குதுக்கா."

சமையலக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, "இன்னிக்குப் பாப்பா டப்பாவுல என்ன வெச்சீங்க?" என்றாள்.

"உருளைக்கிழங்கு. ஏன்?"

"சும்மாதான். உப்பை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. பிரஷருக்கு ஆகாது."

"எட்டு வயசுப் பொண்ணுக்கு என்னக்கா பிரஷர்?"

சமையலக்கா அதற்குள் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். தொழில் பொறாமை என்று ஆபீஸம்மா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். பொறாமை வராதா பின்னே? அதே பள்ளியில் மூன்றாவது படிக்கும் ஆபீஸம்மா மகளின் டப்பா தினமும் வழித்துத் துடைத்தது போலத் திரும்பி வருகிறது. வீட்டில் நாலு வாய்க்கு மேல் இறங்காத பிள்ளை அது.

படிவம் தராதவர்களில் எதிர்த் தெருத் தையல்காரர் நினைவுக்கு வந்தார். ஒரே பையன். இருட்டான கடை. ஊருக்கெல்லாம் பட்டன் தைக்கிறவர் சட்டையில் இரண்டு பட்டன் இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆபீஸம்மா படிவத்தோடு கடைக்கே போனாள்.

"ஒரு கையெழுத்துதான் அண்ணே. இல்லாதவங்க வாங்கிக்கிறதுல என்ன வெட்கம்?"

"அம்மா, முதல்ல நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க கஷ்டம் பார்த்தாலே தெரியுது."

"என்ன தெரியுது?" தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டார். "என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?"

ஆபீஸம்மா வந்த வழியே திரும்பினாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பக்கத்துக் கடை சலூன்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் பள்ளிக்கே வந்துவிட்டார்.

"இது இல்லாதவங்களுக்காம்மா? எல்லாருக்கும் பொதுன்னுல்ல நினைச்சேன்! என் ரெண்டு பசங்க படிவத்தையும் திருப்பிக் கொடுத்துடுங்க."

ஐம்பத்தேழு.

ஆபீஸம்மா யோசித்தாள். வெட்கம்தானே பிரச்சினை? ஒரு பெரிய தாளில் 'இலவசச் சாப்பாடு. யாரும் கூச்சப்பட வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டினாள். கூச்சமே இல்லாமல் முதலில் வந்து இறங்கியவர், நாலு மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் சிமென்ட் கடைக்காரர். கார்க் கதவைக்கூடச் சாத்தவில்லை.

"பேத்திக்கு ஒரு படிவம் கொடும்மா."

"ஐயா, வருமான வரம்பு ஒண்ணு இருக்கு..."

"வரம்பா? வாசல்ல அப்படி ஒண்ணும் போடலையே! இதை நான் சும்மா விடமாட்டேன்!"

அவர் போட்ட சத்தத்தில் தலைமையாசிரியை வெளியே வந்து, தாளைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மணி இரண்டு. வேறு வழியில்லை. ஆபீஸம்மா சலூனுக்குப் போய் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள்.

"தையல்காரரே போட்டுட்டாருண்ணே. இனி உங்களுக்கு என்ன?"

"அவரேவா! அப்போ சரி, கொடுங்க." சலூன்காரர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுபடி ஐம்பத்தொன்பது. ஆபீஸம்மா பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள் சலூன்காரர் பக்கத்துக் கடைக்குப் போய்த் தையல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

மூன்றரைக்குத் தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு ஆபீசுக்குள் நுழைந்தார். சத்தம் கேட்டுச் சமையலக்காவும் கரண்டியோடு வந்து நின்றாள்.

"யாரைக் கேட்டு என் பேரைச் சொன்னீங்க?"

"தப்புதான் அண்ணே. ஒரு கையெழுத்து இல்லாம அடுப்பே அணையப் போகுது. அந்தப் பிள்ளைங்க மூஞ்சியைப் பார்த்தாவது..."

"காலையிலயே சொல்ல வந்தேன், விட்டீங்களா? என் வருமானம் வரம்புக்கு மேல. நான் போட்டா அது பொய்க் கையெழுத்து."

"மேலயா? அப்போ உங்க சட்டை..."

"ஊரார் சட்டைக்கே நேரம் பத்தலைம்மா."

கோபம் கொஞ்சம் இறங்கியது. அவர் மேஜையில் கிடந்த படிவத்தை எடுத்து, வரம்புத் தொகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஆமா, உங்களுக்கு எவ்வளவு சம்பளம்?"

ஆபீஸம்மா சொன்னாள். பாதியிலேயே குரல் உள்ளே போய்விட்டது. தற்காலிக வேலை, ஏறாத சம்பளம், வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். அந்த வரம்புத் தொகையை எத்தனையோ படிவங்களில் சரிபார்த்திருக்கிறாள். தன் சம்பளத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை.

"ஆனா... நான் ஆபீஸ்ல இல்ல இருக்கேன்?"

"மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தா கணக்கு மாறிடுமா?" என்றார் தையல்காரர், மெதுவாகத்தான்.

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. 'இதில் என்ன வெட்கம்' என்று காலையில் அவரிடம் சொன்னதைத் தனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நல்ல வார்த்தைதான். தொண்டையைத் தாண்டித்தான் இறங்கவில்லை.

நாலுக்கு ஐந்து நிமிஷம். படிவத்தில் மகள் பேரை எழுதிவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"எனக்காக இல்லண்ணே. என் பொண்ணு என் கைச் சாப்பாட்டைத் தவிர எதையும் தொடமாட்டா. டப்பாவைத் தினம் எப்படிக் காலி பண்றா தெரியுமா? சாப்பிடாத பிள்ளைக்குப் போட்டா இதுவும் பொய்க் கையெழுத்துதானே?"

சமையலக்கா கரண்டியை மேஜைமேல் வைத்தாள்.

"தைரியமாப் போடுங்கம்மா, பாப்பா மூணு மாசமா எங்கிட்டதான் சாப்பிடுது. உங்க டப்பாவைக் காலி பண்ணிட்டு பிரஷர் மாத்திரை முழுங்குறது நான்."