மஞ்சள் அட்டை தொங்கினால் நலம்

மரியாதைக்குரிய பெரிய மாமா அவர்களுக்கு,

தங்கை மகள் பணிவோடு எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி ஒரு மாடி ஏறும் அளவுக்காவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் நலம் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அந்தச் சொல்லை எழுதித்தான் இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தங்களுக்குப் போன் செய்கிறேன். "மணி அடிச்சா எடுக்கணும்னு சட்டமா?" என்று கேட்பவர் தாங்கள் என்பதால், கடிதமே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தாங்கள் சொல்லித்தான் கல்லூரிப் பயிற்சிக்கு இந்தத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். "பயந்தாங்கொள்ளி, நாலு மனுசங்களைப் பார்த்தாத்தான் உனக்கு வாய் திறக்கும்" என்றீர்கள். இங்கே நாலு பேர் இல்லை மாமா, பதினாலு பேர். எல்லோரும் தங்களைப் போலவே தனியாக வசிக்கும் வயதானவர்கள். ஆளுக்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுத்திருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் அதை ஜன்னல் கம்பியில் வெளிப்பக்கமாகத் தொங்கவிட வேண்டும், படுக்கப் போகும்போது எடுத்துவிட வேண்டும். நான் ஒன்பது மணிக்குத் தெருத் தெருவாகப் போய் அட்டையைப் பார்த்து, கதவைத் தட்டி, இரண்டு வார்த்தை பேசி, பதிவேட்டில் 'நலம், பேசினேன்' என்று எழுத வேண்டும். அட்டையைப் பார்ப்பது எனக்கு நன்றாகவே வந்தது. கதவைத் தட்டுவதுதான் வரவில்லை. முதல் நாள் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வீட்டில் தட்டினேன். "யாரு?" என்று அவர் போட்ட சத்தத்தில் என் பெயர் எனக்கே மறந்துபோய், "யாருமில்லைங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். அன்றிலிருந்து, அட்டை தொங்கினால் ஆள் நலம் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பதினாலு வீட்டையும் இருபது நிமிஷத்தில் முடித்துவிடுவேன். கையெழுத்து அழகாக இருப்பதாக மேற்பார்வை பார்க்கும் அக்கா பாராட்டக்கூடச் செய்தார்.

நேற்றுக் காலை வந்தது வினை. முந்தின இரவு நல்ல மழை. எல்லார் வீட்டிலும் அட்டை காய்ந்து விறைப்பாகத் தொங்க, தையல்காரம்மா வீட்டில் மட்டும் ஊறிப்போய்த் தொங்கியது. அப்படியென்றால் இரவில் அதை யாரும் உள்ளே எடுக்கவில்லை. எந்த இரவிலிருந்து? தெரியாது. அவரோடு தினமும் 'பேசியவள்' நான்தான். முதலில் ஒரு விரலால் தட்டினேன், பிறகு கையால், பிறகு செருப்பைக் கழற்றி அதாலும் தட்டினேன். பதில் இல்லை என்றதும் அக்காவுக்குப் போன் செய்தேன். பூட்டுக்காரர் வந்தார், அக்கா வந்தார், அக்கம்பக்கத்தில் எட்டுப் பேர் வந்தார்கள். கதவு திறந்ததும் அத்தனை பேரும் எனக்கு வழிவிட்டார்கள், "நீதானே தினமும் பேசறே, போ" என்று. தையல் மெஷினில் பாதி தைத்த தலையணை உறை ஊசிக்கு அடியில் அப்படியே கிடந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. மாமா, அதைத் தள்ளுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. உள்ளே ஒரு வாளியும் ஒரு காய்ந்த துண்டும் இருந்தன. அப்போது பின்னாலிருந்து, "என் வீட்டுக் குளியலறையில உனக்கு என்ன வேலை?" என்று ஒரு குரல். தையல்காரம்மா, கையில் பையோடு. தங்கை வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு வருகிறாராம். "அட்டையை எடுத்துட்டுப் போனா நீங்க பதறிடுவீங்களேன்னுதான் தொங்கவிட்டுட்டுப் போனேன்" என்றார்.

எட்டுப் பேரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்காமல் பதிவேட்டை விரித்தார். "மூணு நாளும் பேசினதா எழுதியிருக்கே. வீட்டுலயே இல்லாதவங்களோட எப்படிம்மா பேசினே?" பதிவேட்டை மூடிவிட்டுக் கேட்டார், "அவங்க உள்ளே விழுந்து கிடந்திருந்தா?" போ வெளியே என்று அனுப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "நாளையிலேருந்து பதினாலு கதவையும் தட்டு. குரல் கேட்கற வரைக்கும் நகராதே" என்று சொல்லிவிட்டார்.

இன்று தட்டினேன் மாமா. குரல் வர ஒரு நொடி தாமதமானாலும் அந்தக் குளியலறைக் கதவு கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. என்னால் ஆகாது. பள்ளிக்கூட நாளில் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதித் தருவீர்களே ஒரு வயிற்றுவலிக் கடிதம், அதேபோல் கல்லூரி முதல்வருக்கு ஒன்று உடனே எழுதி அனுப்புங்கள். வலி கொஞ்சம் பலமாகவே இருக்கட்டும்.

தங்கள் முழங்காலுக்கும் முன்கோபத்துக்கும் என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
கதவைக் கண்டால் நடுங்கும் தங்கை மகள்,
பயந்தாங்கொள்ளி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போதுதான் உறைத்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், இன்று புதன். ஏழு தடவை அடித்தும் நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அடித்தேன். "ஜன்னல் திறந்துதான் இருக்கு, நல்லாத்தான் இருப்பாரு" என்றார். தட்டிப் பாருங்கள் என்றேன். "அவரு கோபக்காரராச்சே" என்று இழுத்தார். வயிற்றுவலிக் கடிதம் வேண்டாம். இதைத் தபாலிலும் போடவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் நானே கையோடு கொண்டுவருகிறேன். வந்து தட்டுவேன், குரல் கேட்கும் வரை நகர மாட்டேன். "எவ அது, கதவை உடைக்கறவ?" என்று உள்ளேயிருந்து நீங்கள் திட்ட வேண்டும் மாமா. எனக்கு அது போதும்.