தொட்டுக்க என்ன பாடம்?

நடந்தது இதுதான்:

1. என் அறைத்தோழிக்குச் சென்னைக் கல்லூரியில் மனோதத்துவம் படிக்க இடம் கிடைத்தது.
2. கூடவே ஒரு துணைப்பாடமும் எடுக்க வேண்டும். எதுவென்று திங்கட்கிழமை தந்தி கொடுக்காவிட்டால் இடம் வேறொருத்திக்கு.
3. அவள் ஒவ்வொரு பாடத்தையும் புதுச்சேரியின் மேல் பரீட்சித்துப் பார்த்தாள்.
4. ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டது நான்.

உலகத்துக்கு வெட்கத்தைப் பங்கிட்டுக் கொடுத்தபோது அவள் வரிசையில் நிற்கவே இல்லை. அவள் பங்கும் என்னிடம்தான் வந்து சேர்ந்தது.

ரெட்டியார்பாளையத்துக்காரி. விடுதியில் அவள் பெயர் ‘தொட்டுக்க’. துணைப்பாடம் என்றால் என்னவென்று சமையல்கார அஞ்சலையம்மாவுக்கு அவள் அரைமணி நேரம் விளக்க, அந்த அம்மாள், “சோறு இருக்கு, தொட்டுக்க என்னான்னு கேக்குற. அவ்ளோதானடி?” என்று முடித்துவிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

முதலில் உடலியல். நான் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சியில் இருந்தேன். ஆட்டு மூளை ஒன்று வாங்கி, அங்கிருந்து நான் கொண்டுவந்திருந்த கிண்ணத்தில் போட்டு, சமையலறையில் வைத்தாள். மாலையில் அறுத்துப் பார்க்கப் போனால் கிண்ணம் காலி.

“தொட்டுக்கதான் நீ வாங்கியாந்தேன்னு நெனச்சு மொளகு போட்டு வறுத்துட்டேன் கண்ணு” என்றார் அஞ்சலையம்மா.

விடுதித் தலைவி மதர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது ஆஸ்பத்திரிக் கிண்ணம் என்று தெரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவளை அல்ல, என்னை.

அடுத்தது தத்துவம். “நீங்க இருக்கீங்கன்றதுக்கு என்னா சாட்சி மதர்?” என்று அவரிடமே கேட்டாள். சாட்சியாக எங்கள் அறைக்குக் காபி நின்றது.

சனிக்கிழமை புள்ளியியல். கடற்கரையில் இருபது பேரைக் கேட்டுக் கணக்கெடுப்பதாகத் திட்டம். முதல் ஆள், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். ஊரில் அவரை ‘மிசியே’, அதாவது பிரெஞ்சில் ‘ஐயா’, என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மிசியே, கடைசியா எப்ப அழுதீங்க?”

“சைகோன்ல எனக்கு ஒரு நாயி இருந்துச்சும்மா...” என்றவர் குலுங்கி அழ ஆரம்பித்தார். கூட்டம் கூடிவிட்டது. போலீஸ்காரர் வந்து, “யாரு பெரியவர அழ வெச்சது?” என்றார். அத்தனை விரலும் என் பக்கம் திரும்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைக் கோட்டோடு நேராக வந்திருந்தேன்.

“டாக்டரம்மா ஏதோ கெட்ட சேதி சொல்லிட்டாங்க போல” என்றார் ஒருவர். கடலுக்குள் இறங்கிவிடலாமா என்று இருந்தது.

மறுநாள் மிசியே, தேய்த்த கோட்டும் பதக்கமுமாக விடுதி வாசலில் நின்றார். “மீதியச் சொல்லணும்.”

ஆண்களே வரக்கூடாத வாசல். மதர் அவளிடம், “நாளைக்கு உன் நன்னடத்தைச் சான்று நான்தான் எழுதணும். ஞாபகம் இருக்கா?” என்றார்.

நான் அவள் கையைக் கிள்ளினேன். “அவர அனுப்பிடுடி. சீட்டு போயிடும்.”

“பாதியில நிறுத்துனா மனுஷன் எங்கடி போவாரு?” என்றவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மதர் காவலுக்கு நின்றார். கொஞ்ச நேரத்தில் நாற்காலி கேட்டார். நாயைக் கப்பலில் ஏற்ற மறுத்த கட்டம் வந்ததும் மிசியே பிரெஞ்சுக்குத் தாவினார். “அதுக்குத் தமிழ் தெரியாதும்மா” என்று காரணமும் சொன்னார். பிரெஞ்சு தெரிந்த மதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொட்டுக்க என்னைப் போலவே விழித்தாள்.

“மதர், இப்ப என்னா சொன்னாரு?”

மதர் மொழிபெயர்த்தார். சான்றையும் அன்றே எழுதிக் கொடுத்தார்.

“அழுவுற எடத்துலதான்டி எனக்குப் புரியல” என்றாள் அவள் இரவு முழுக்க. திங்கட்கிழமை தந்தியில் போன துணைப்பாடம் பிரெஞ்சு. மனோதத்துவத்தோடு அப்படியொரு ஜோடியைக் கல்லூரியில் யாரும் கேட்டதில்லையாம். ஆனாலும் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அவள் சென்னையில் இருக்கிறாள். மிசியே ஞாயிறுதோறும் வருகிறார். அவள் இடத்தில் நான் உட்கார்ந்து கேட்கிறேன். தெருவே பார்க்கிறது, எனக்குக் காது சிவக்கிறது. கப்பல் கட்டம் வந்ததும் அவர் பிரெஞ்சுக்குத் தாவிவிடுகிறார்; அது எனக்கு வராது என்பதால் நாய் இன்னும் துறைமுகத்திலேயே நிற்கிறது. அவள் லீவுக்கு வரட்டும் என்று மிசியே, நான், நாய், மூன்று பேரும் காத்திருக்கிறோம்.