ஓடுவதை ஓடவைப்பவர்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், வேலைக்கான ஏற்பாட்டைச் செப்பனிட்டுக்கொண்டே காலம் தள்ளுகிற மூன்றாவது இனமும் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் இருக்கும் இடமெல்லாம் இது செழித்து வளரும். நாம் பார்க்கப் போகிறவர் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறார். பெயர் எதற்கு? அங்கே எல்லோருக்கும் அவர் 'வெர்ஷன் அண்ணன்'.

கூடத்தின் பின்னறையில் வரிசையாகக் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று கோத்து வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் அவரவர் மேசையிலிருந்தே பிரவுசரில் 'நோட்புக்' என்ற பக்கத்தைத் திறந்து, நிரல் எழுதி, அந்தப் பட்டாளத்தை வேலை வாங்கலாம். அதற்கு வேண்டிய பைத்தான் என்ற நிரல்மொழியையும் அதன் துணைச் சாமான்களையும் சேர்த்துச் 'சூழல்' என்பார்கள். அதை நிறுவி வைப்பது அண்ணன் பொறுப்பு. நிறுவிவிட்டுச் சும்மா இருக்கலாம்தானே? அதெப்படி! புது வெர்ஷன் வந்ததென்று காதில் விழுந்தால் அவருக்குச் சோறு இறங்காது, பழையதில் வேலை பார்க்கிறவர்களைக் கண்டால் கிழிந்த சட்டையோடு கல்யாணத்துக்கு வந்தவர்களைக் கண்டதுபோல மனம் பதறும், அவர்களைக் கேட்க நேரமில்லாததால் கேட்காமலே மாற்றிவிடுவார்.

எல்லோருக்கும் பொதுவான சூழலை நேற்று மாற்றினார். இன்று காலை, புள்ளிவிவரம் பார்க்கும் பெண் முகம் வெளிறி வந்து நின்றாள்.

"அண்ணா, நேத்து வரைக்கும் ஓடிச்சு. இப்ப வெறும் எரர்தான் வருது. மதியம் மீட்டிங். ரிசல்ட்டைக் காட்டலேன்னா என் ப்ராஜெக்டையே மூடிடுவாங்க."

அண்ணன் முகத்தில்தான் என்ன மலர்ச்சி!

"இதுக்கா பயந்தே? உனக்குன்னு தனிச் சூழலே போட்டுத் தர்றேன்."

"பழசையே திருப்பி வெச்சிடுங்களேன்."

"பழசா?" அண்ணன் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

உட்கார்ந்தார். நிறுவினார். ஒரு சாமான் இன்னொன்றைக் கேட்டது, அது மூன்றாவதைக் கேட்டது, மூன்றாவதோ முதலாவது இருக்கும் வீட்டில் கால்வைக்க மாட்டேன் என்றது. சம்பந்திச் சண்டையைத் தீர்க்கும் பெரிய மனிதரின் பொறுமையோடு எல்லாவற்றையும் சமாதானப்படுத்தினார்.

"இப்ப ஓட்டு."

"அதே எரர்தான்ணா."

அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவினார். அதே எரர். அவர் நிறுவியதெல்லாம் புதுச் சூழலில். அவளுடைய நோட்புக் ஓடியதோ அவர் நேற்றுக் கெடுத்த பொதுச் சூழலில். எதில் ஓடுகிறது என்று பக்கத்தின் மேல்மூலையில் பெயரே போட்டிருந்தது. 'முதலில் அந்த மூலையைப் பார்' என்பது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அண்ணன் நடத்தும் முதல் பாடம். பாடம் மற்றவர்களுக்குத்தானே?

கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அவள் வெறுங்கையோடு போனாள், பாவம்.

அவள் போன பிறகும் அண்ணன் விடவில்லை. தற்செயலாக மேல்மூலை கண்ணில் பட்டது. ஒரே ஒரு சொடுக்கில் புதுச் சூழலுக்கு மாற்றினார். வரைபடம் ஜம்மென்று வந்து நின்றது. "ஓடுதும்மா!" என்று கூவிக்கொண்டு திரும்பினார். அவள் தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"மூடிட்டாங்கண்ணா."

"அடடா!" அண்ணனுக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை. "சரி, போறதுக்கு முன்னாடி உன் லேப்டாப்பைக் குடு. அதிலயும் புதுசு போட்டுத் தர்றேன்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அன்றைக்கு வீட்டில் "இங்க குடு, சரி பண்ணித் தர்றேன்" என்று நீங்கள் கை நீட்டியபோது, உங்கள் தங்கை ஏன் போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்?